காண ஆளில்லாத காட்சி

வன்னியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் கலாவதியின் சாப்பாட்டுக் கடைக்குள் காலெடுத்து வைத்தால், முதலில் தேநீர் வரும். தேநீருக்குப் பின்னால் சிவரஞ்சினி வருவாள். சமையலறையில் வெங்காயம் உரித்த கையைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் படத்தை எடுத்து அந்த ஆளின் முன்னால் வைப்பாள்.

"இவரை எங்கையாவது கண்டனீங்களோ? பேர் வசந்தன். கிளிநொச்சியில உழவு ரக்ரர் திருத்துறவர்."

வந்தவர் படத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் சோறு.

பாரிசின் லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் அந்தத் துண்டில், இது எல்லோருக்கும் பழகிப்போன காரியம். யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. கலாவதி மட்டும் சில நாட்களில், "சனம் பசியோட வந்திருக்கு, முதல்ல தின்ன விடடி" என்பாள். கடை அவளுடையது, சொல்ல உரிமை இருந்தது. சிவரஞ்சினி கேட்டுக்கொள்வாள். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி படத்தோடு நிற்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம். முள்ளிவாய்க்காலில் ஒரு பதுங்குகுழிக்குள் அவளையும் மகள் வதனியையும் இருத்திவிட்டு வசந்தன் பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனான். ஷெல் விழுந்தது. சனம் எழும்பி ஓடியது. அவள் நின்றாள், நின்று பார்த்தாள், பின்னால் வந்த சனம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. அவ்வளவுதான். அவன் செத்தான் என்று சொன்னவரும் இல்லை, இருக்கிறான் என்று சொன்னவரும் இல்லை. ஆகவே அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. வீட்டில் மாலை போட்ட படம் எதுவும் கிடையாது. திவசம் செய்வதென்றால் செத்த நாளின் திதி வேண்டுமே, அதற்கு யாரிடம் போய்க் கேட்பது? கலியாண வீடுகளில் அவளை ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுவதா விடுவதா என்று சனம் தயங்கும். கூப்பிட்டால் போவாள். கூப்பிடாவிட்டால் மண்டபத்தின் முன்வரிசையில் போய் இருந்துகொண்டு, கூப்பிடாதவர்களை நிமிர்ந்து பார்ப்பாள்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஒரு மத்தியானம் அல்பிரட் வந்தான். முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெடியன். ஊரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். சிவரஞ்சினி படத்தை வைத்ததும் எடுத்தான். எல்லோரையும் விட அதிக நேரம் பார்த்தான். தேநீரில் ஆடை கட்டிவிட்டது.

"இல்லை அக்கா. காணேல்லை."

சோறு வந்தது. அவன் தொடவில்லை.

"பெரிய இடத்துப் பெடியன் போல. எங்கடை சோறு இறங்காதாம்" என்று கலாவதி சிரித்தாள். ஆனாலும் அவனுக்குக் கோப்பை கழுவும் வேலையைக் கொடுத்தாள். அவனும் பேசாமல் கழுவினான். வேலை முடிந்த நேரங்களில், வாசலில் வைக்கும் விலைப்பலகையில் சோக்கட்டியால் மீன் படம் கீறினான். அந்த மீன்களின் கண்கள் தெருவில் போகிறவர்களை நிறுத்தின.

அப்படி நின்றவர்களில் ஒருவர் லூசியன். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பிக்கிறவர், கார் து நோரில் ரயில் மாறுகிறவர், தோசைக்காக வாரம் ஒருமுறை வருகிறவர். வாலிபத்தில் யப்பானில் கியோட்டோ நகரத்தில் இருந்து படித்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். மனைவி இறந்தபோது தன்னைத் தாங்கிப் பிடித்தது அந்த யப்பானியச் சிந்தனைதான் என்று அவர் சொன்னது பொய்யில்லை.

அவர் பேசுவது பிரெஞ்சு. அல்பிரட்டுக்கு அப்போது பிரெஞ்சு காய்கறிப் பெயர்களோடு நின்றுவிட்டது. இருவருக்கும் நடுவில் வதனி இருந்தாள். பதினேழு வயது நெருங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டால் கடையின் மூலை மேசைதான் அவளுக்கு வீடு. பாரிசுக்கு வந்த நாளிலிருந்து, வதிவிட அனுமதி தரும் பிரெபெக்தூரிலும் ஆஸ்பத்திரியிலும் தாய்க்கு வாய் அவள்தான். தாய் அவளுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

"கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவன் என்னை ஏசினால், ஏசினதை அப்பிடியே சொல்லு."

லூசியன் தோசையைக் கத்தியால் வெட்டிக்கொண்டு சொல்லுவார். வதனி தமிழில் தருவாள்.

"அண்ணை, இஞ்சத்தை ஆக்கள் 'நான் நினைக்கிறன்' எண்டதில இருந்துதான் எல்லாத்தையும் தொடங்கினவையாம். கியோட்டோவில நூறு வருசத்துக்கு முன்னம் இருந்தவை அதுக்கும் முன்னால போய்ப் பார்த்தவையாம். ஒரு மணி அடிக்குது. 'நான் மணிச்சத்தம் கேட்டன்' எண்டு நீங்கள் நினைக்கிறதுக்கு முன்னம் ஒரு கணம் இருக்காம். அதில நீங்களும் இல்லை, மணியும் இல்லை. சத்தம் மட்டும்."

அல்பிரட் கையிலிருந்த பானையைக் கீழே வைத்தான்.

"கண்ணால காணுறதும் அப்பிடியோ? கேள். ஒண்டைக் கண்டால், கண்ட ஆள் எண்டு ஒருத்தன் இல்லையோ?"

வதனி கேட்டாள். லூசியனுடைய முகம் மலர்ந்தது. இப்படியொரு கேள்வியைத் தன் மாணவர்கள் கேட்பதில்லை என்றார். அந்தக் கணத்தில் கண்டவன் இல்லை, காட்சி மட்டுமே இருக்கிறது, 'நான்' என்பது பிறகு வந்து ஒட்டிக்கொள்வது என்றார். ஒவ்வொரு பொருளும் ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது, அந்த இடம் இன்னோர் இடத்தில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கடைசியில் இடம் கொடுப்பது ஒரு சூனியம், அதைக் குறை என்று எண்ணக் கூடாது, அது எல்லாவற்றையும் ஏந்துகிற கை என்றார். ஐரோப்பாவில் எத்தனையோ ஓவியர்களும் இசைக்காரரும் அதைப் படித்த பிறகு வேறு மனிதர்களாகிவிட்டார்கள் என்றார்.

அன்றைக்கு அல்பிரட் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

"பானை கழுவ வந்தவன் ஞானம் கழுவுறான்" என்றாள் கலாவதி. "பிள்ளை வதனி, அந்த வெள்ளையனிட்டைக் கேள், சூனியத்துக்கு வாடகை எவ்வளவாம்? இந்தத் தெருவில இடம் கிடைக்காமல் கிடக்குது."

இப்படியே போனது. அல்பிரட்டின் பிரெஞ்சு வளர்ந்தது, யப்பானியர்கள் வழியாகவே வளர்ந்தது. வதனிக்கும் அது பிடித்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் மெய்யியலையே எடுத்தாள். நூலகத்தில் இருந்து படித்தபோது ஒரு விசயம் அவளைக் குத்தியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்தச் சிந்தனையாளர்களில் சிலர், போர்முனைக்குப் போகும் மாணவர்களைக் கூட்டி வைத்து, தன்னை இல்லாமலாக்கி நாட்டுக்குள் கரைந்துவிடுவது பற்றிப் பேசினார்கள். அவள் லூசியனிடம் கேட்டாள். அவர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, அது அவர்கள் வழுக்கி விழுந்த இடம், ஆனால் சிந்தனை அவர்களை விடப் பெரியது என்றார். வதனி அதையும் அல்பிரட்டுக்குச் சொன்னாள்.

"பெடியளைச் சாக அனுப்பிப்போட்டு, அவைக்கு நல்லா நித்திரை வந்திருக்கும் என்ன?" என்றான் அல்பிரட்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பொறாமைப்படுகிறவனின் குரல்.

இரண்டாயிரத்துப் பதினாறில் லூசியன் அவனுக்குப் பாரிசுக்கு வெளியே ஒபர்வில்லியேயில், மொத்த வியாபாரக் களஞ்சியங்களுக்கு நடுவில், பழைய பட்டறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அங்கேயே கண்காட்சி வைக்க ஏற்பாடாகியது. அல்பிரட் சமையலறைக்குள் வந்து சிவரஞ்சினியின் முன்னால் நின்றான்.

"அக்கா, வசந்தன் அண்ணையைப் பெரிசாக் கீறப் போறன். படம் வேணும். அந்தப் படமே வேணும்."

வதனியின் தொலைபேசியில் பிரதி ஒன்று இருந்தது. அதை அனுப்பட்டுமா என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். சிவரஞ்சினி உறையிலிருந்து படத்தை எடுத்தாள். நந்திக்கடல் நீரேரி நெஞ்சு வரை நிற்க, சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவள் கடந்துவந்த கடதாசி அது. ஓரம் உப்பில் சுருண்டிருந்தது. கொடுத்துவிட்டு, வெறும் உறையை மடித்து இடுப்பில் செருகினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வதனியோடு பட்டறைக்குப் போய்ப் பார்த்தாள். சுவர் அகலத்துக்கு வசந்தன் இருந்தான். அவள் செருப்பைக் கழற்றினாள். கிட்டப் போனாள், தள்ளி வந்தாள்.

"கண் அப்பிடியே தம்பி. இப்ப கதைக்கப் போறார் போல." பிறகு, அல்பிரட் அங்கே இல்லாததைப் போல, ஓவியத்தைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: "ஏனப்பா இவ்வளவு நேரம்?"

கேட்டுவிட்டு வெட்கத்தில் சிரித்தாள். அல்பிரட் தூரிகைகளைக் கழுவப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க அவள் தெருவில் ஒருவரையும் விடவில்லை. பூக்கடைக்காரர், சலூன்காரர், கோயில் ஐயர், எல்லோரையும் அழைத்தாள். என்ர மனுசன்ர படம், வந்து பாருங்கோ.

 

கண்காட்சி திறந்த நாள் அவள் கலியாணச் சீலை போலொரு சிவப்புச் சீலை உடுத்து, மல்லிகை வைத்து வந்தாள். கலாவதி கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தாள். வதனி முன்னால் நடந்தாள். உள்ளே பிரெஞ்சுக்காரர்கள் வைன் கிண்ணங்களோடு நின்றார்கள். மூவரும் சுற்றிப் பார்த்தார்கள்.

"எங்கடை படம் எந்தப் பக்கம்?" என்றாள் சிவரஞ்சினி.

"இந்தச் சுவர்தானே அண்டைக்கு நாங்கள்..." என்று தொடங்கிய வதனி நிறுத்தினாள்.

அதே சுவர். அதே சட்டம். உள்ளே சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. மினுங்கத் தேய்த்த சாம்பல். நெற்றி இருந்த இடம், வாய் இருந்த இடம் என்று எதையும் சொல்ல முடியாது. நடுவில் ஓரிடத்தில் கடதாசி நார் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேல துணி போட்டு மூடியிருக்கினமாக்கும். பேந்து திறப்பினம்" என்றாள் கலாவதி.

லூசியன் பேசினார். பிறகு அல்பிரட் முன்னால் வந்தான். கறுப்புச் சட்டை, வெட்டின தலைமயிர். பிரெஞ்சில் பேசினான், மெதுவாக, பாடமாக்கி வைத்திருந்ததைப் போல. சிவரஞ்சினிக்கு விளங்காது என்று அவனுக்குத் தெரியும். வதனிக்கு விளங்கும் என்றும் தெரியும். அவள் சரியாகவே விளங்கிக்கொள்வாள் என்று நம்பினான். இந்தச் சிந்தனையை அவனுக்குக் கொண்டுவந்து தந்தவளே அவள்தானே. அந்த நம்பிக்கையில்தான் அவன் பிழைவிட்டான்.

அவன் பேசி முடித்தபோது வதனியின் முகம் சுவரின் நிறத்துக்கு வந்திருந்தது.

"என்னவாம், பிள்ளை?" என்றாள் தாய்.

வதனி தாயின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"எல்லாரும் என்னைப் பார்க்கினம். என்ன சொன்னவன்?"

"அம்மா, வீட்டை போவம்."

"கூட்டாமல் குறைக்காமல் சொல்லு."

வதனி சொன்னாள். பிரெபெக்தூர் யன்னலில் நின்று சொல்லும் அதே குரல். ஒரு வசனம், பிறகு அடுத்தது.

"கிணத்தடியில தனக்கு முன்னால ஒருத்தர் நிண்டவராம், அவரின்ர முகத்தை நல்லாப் பார்த்ததாம். தண்ணி எடுத்துக்கொண்டு திரும்பேக்க ஷெல் விழுந்ததாம். அந்த ஆளின்ர தலை தன்ர மடியில கிடந்ததாம். முகம் இருக்கேல்லையாம். தான் கண்டனான் எண்டு நினைச்சு நினைச்சுக் கன காலம் வருத்தப்பட்டதாம். இப்பதான் விளங்குதாம். கண்ட ஆள் எண்டு ஒருத்தரும் இல்லையாம். காட்சி மட்டும்தான் இருந்ததாம். இஞ்சை வந்து அந்த முகத்தைப் படத்தில பார்த்ததாம். அதைக் கீறி, அது போன இடத்துக்கே திருப்பிக் குடுத்திட்டாராம்."

கலாவதி வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். சிவரஞ்சினியின் தோளைப் பிடிக்க வந்தாள். சிவரஞ்சினி அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஆட்களுக்கிடையில் நடந்து போய் அல்பிரட்டின் முன்னால் நின்றாள்.

"வந்த முதல் நாள் படத்தைக் காட்டினனான். காணேல்லை எண்டனி."

"ஓம் அக்கா."

"கண்டனியோ?"

"அக்கா, காட்சிதான்... கண்டவன் எண்டு சொல்ல..."

"யப்பான்காரன் சொன்னதை யப்பான்காரன் சொல்லட்டும். அவரின்ர தலை ஆரின்ர மடியில கிடந்தது?"

அல்பிரட் லூசியனைப் பார்த்தான். லூசியன் வதனியின் காதுக்குள் குனிந்து, தயவுசெய்து எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார். வதனி சொல்லத் தொடங்கினாள். பழக்கம் அப்படி. தாய் தமிழில் கேட்க, மகள் பிரெஞ்சில் கேட்டாள். அல்பிரட்டின் பதிலையும் அவளே கொண்டுபோனாள். சனம் கிண்ணங்களை மேசையில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தது.

"என்ர மடியில அக்கா."

"அப்ப நீ அங்கை இருந்தனி."

"இருந்தனான்."

"காலமையோ, பின்னேரமோ?"

"வெயில் ஏற முன்னம்."

"ஏதும் கதைச்சவரோ?"

"இல்லை அக்கா."

"அடக்கினனியோ?"

"விட்டிட்டு ஓடினனான்."

"நான் தந்த படம் எங்கை?"

அவன் சுவரைக் காட்டினான். "உள்ளுக்கு. ஒட்டிப்போட்டு, அதுக்கு மேல கீறினனான். பிறகு எல்லாத்தையும் சேர்த்து உரஞ்சினனான்."

சிவரஞ்சினி திரும்பி, அந்தக் கடதாசி நாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பட்டறைப் பெண் ஒருத்தி ஓடிவந்து, மதாம், ஓவியங்களைத் தொடக் கூடாது என்றாள்.

"தொடக் கூடாதாம் அம்மா" என்றாள் வதனி.

அவள் கையை எடுத்தாள். எங்கோ பின்னால் ஒருவர் கை தட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். அவள் நடிக்க அழைக்கப்பட்ட பெண் என்றும், கேள்விகளும் ஓவியத்தின் பகுதிதான் என்றும் அவர்கள் நினைத்துவிட்டார்கள். நரைத்த தலை மதாம் ஒருத்தி கண்ணீரோடு வந்து, சிவரஞ்சினியின் இரண்டு கைகளையும் பிடித்து, பிராவோ, பிராவோ என்றாள்.

தண்ணீருக்குப் போன நாள் அவளுக்குத் தெரியும். ஆகவே திதியும் வந்துவிட்டது. கலாவதி ஐயரிடம் பேசினாள், வாழையிலைக்குச் சொன்னாள். குங்குமத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் எல்லோரும் அதையே பார்த்தார்கள். சிவரஞ்சினி ஐயரைத் திருப்பி அனுப்பினாள்.

"திவசம் பேந்து செய்யலாம். நான் இன்னும் கேட்டு முடிக்கேல்லை."

சில நாட்களில் லூசியன் கடைக்கு வந்தார். அது நடிப்பில்லை, செத்தவர் அவளுடைய கணவன் என்ற உண்மை இப்போது அவருக்குத் தெரியும், யாரோ சொல்லியிருந்தார்கள். கண் கலங்கித்தான் நின்றார். மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, லியோனில் ஒரு காட்சிக்கூடம் ஓவியத்தைக் கேட்கிறது என்றார். அன்றைக்கு அங்கே நடந்தது ஓவியத்தை விடப் பெரியது என்றார். மதாம் விரும்பினால், விரும்பினால் மட்டும், லியோனுக்கும் வந்து...

வதனி பிரெஞ்சில் அவரைத் திட்டத் தொடங்கினாள். கடையில் இருந்தவர்கள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னவாம்?" என்றாள் தாய்.

"ஒரு மண்ணும் இல்லை."

"வதனி."

அவள் சொன்னாள். சிவரஞ்சினி அடுப்பைக் குறைத்தாள். கையைத் துடைத்தாள்.

"வாறன் எண்டு சொல்லு."

லியோனில் ஒரே ஒரு சங்கதியைத்தான் கேட்டாள். சாம்பல் சுவரின் முன்னால் அல்பிரட் நின்றான். அவள் அதே சிவப்புச் சீலையில் வந்தாள்.

"அவர் தண்ணி எடுத்துக்கொண்டு வந்தவர் எண்டனி. அந்தத் தண்ணி என்னானது?"

அல்பிரட் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அதுவும் நாடகத்தின் பகுதி போல, சனம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

"நான் கொண்டு போனனான் அக்கா."

"கானோடையோ?"

"கானோடை. அவரின்ர விரலை விரிச்சு எடுத்தனான்."

"ஆர் குடிச்சது?"

"என்ர அம்மா."

பதுங்குகுழிக்குள் தாகத்தில் நாக்கு ஒட்டிக் கிடந்த மகள் இப்போது அவள் பக்கத்தில் நின்று, அந்தப் பதிலைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் ஒருமுறைதான் உடைந்தது. சிவரஞ்சினி அவள் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"அவவுக்குத் தாகம் தீர்ந்ததோ?"

"தீர்ந்தது அக்கா."

கை தட்டினார்கள்.

திரும்பி வரும் ரயிலில் வதனி சொன்னாள், "அம்மா, காணும், போதும். எல்லாம் கேட்டாச்சு. அந்தாள் செத்துப்போவான்."

"சாக மாட்டான்."

"என்னாலயும் ஏலாது. நான் இனிச் சொல்லித்தர மாட்டன்."

சிவரஞ்சினி மகளின் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "கண்டவன் இல்லை, கிண்டவன் இல்லை எண்டு அவனுக்குக் காவிக் குடுத்தது நீதானே. இதையும் காவு."

வதனி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாரிஸ் வரும் வரை திரும்பவில்லை. அந்த ஆண்டு அவள் மெய்யியல் வகுப்பை விட்டுவிட்டாள். ஆனால் தாயோடு போவதை விடவில்லை.

லியோனுக்குப் பிறகு லீல், பிறகு ஸ்ட்ராஸ்பூர். ஓவியத்தின் பேர் வளர்ந்தது. போகும் இடமெல்லாம் சிவரஞ்சினியும் போனாள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு சங்கதி கேட்டாள். எந்தப் பக்கமாகத் தலை கிடந்தது. செருப்பு இருந்ததா. நீ திரும்பிப் பார்த்தாயா. அல்பிரட் மெலிந்தான். கீறினால் கோடு பிடிக்கவில்லை. யப்பானியர்களின் புத்தகங்களைத் திறந்தால் எழுத்துகளுக்கிடையில் அவள் வந்து நின்று கேட்டாள். லூசியனிடம் போய், ஓவியத்தை எரித்துவிடுவோம் என்றான். லூசியன் அவனைக் கட்டிப்பிடித்து, இப்போதுதான் நீ உண்மையான இடத்துக்கு வந்திருக்கிறாய், இந்த வேதனையை விட்டுவிடாதே என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் மத்தியானச் சனம் வடிந்த பிறகு, அல்பிரட் பின்பக்கத்தால் சமையலறைக்குள் வந்தான். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, என்னை விடுங்கோ."

"நான் எங்கை தம்பி உன்னைப் பிடிச்சனான்?"

"நான் கண்டனான். நான்தான். நான் பொய் சொன்னனான், தண்ணியை எடுத்தனான், முகத்தை அழிச்சனான். எல்லாம் நான். இனி என்ன வேணும் அக்கா? அடியுங்கோ. பொலிசிட்டைப் பிடிச்சுக் குடுங்கோ."

"கண்டதுக்குப் பொலிஸ் பிடிக்காது" என்றாள் சிவரஞ்சினி. "ஓடினதுக்கும் பிடிக்காது. எல்லாரும்தானே ஓடினனாங்கள். நானும்தான் ஓடினனான்."

கலாவதி காசு மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவன் ஏன் எலும்பும் தோலுமா நிக்கிறான்? காத்தடிச்சால் கார் து நோரில போய் விழுவான். அடியே, அவனுக்கு ஏதும் குடு."

சிவரஞ்சினி ஒரு தட்டை எடுத்தாள். புட்டு வைத்தாள், மீன் குழம்பு விட்டாள், பொரியல் கொஞ்சம் ஓரத்தில் வைத்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவனை இருத்தினாள்.

"சாப்பிடு."

"வேண்டாம் அக்கா."

"சாப்பிடு ராசா. வெள்ளிக்கிழமை பெல்ஜியத்தில பிரசல் எல்லோ. அங்கை பெரிய மண்டபமாம், வதனி சொன்னவள். நிண்டு பதில் சொல்ல உடம்பில ஏதும் இருக்க வேணும்."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அதில் கோபத்தைத் தேடினான். கிடைத்திருந்தால் காலில் விழுந்திருப்பான். அவள் எதிரில் குந்திக்கொண்டு, தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கமாகத் தள்ளிவிட்டாள். அவன் ஒரு பிடியை எடுத்து வாயில் வைத்தான், மென்றான், விழுங்க முடியாமல் விழுங்கினான். அவள் குழம்பு மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, அவன் தொண்டையில் குத்தாதபடி ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, பிரசலில் கேட்க வேண்டியதை யோசித்தாள்.